நாலு மூலைக்கு நாலு, நடுவே ரெண்டு

அரிசி டிரம்மின் மேல் அந்தக் கட்டு இருந்தது. பழைய பேப்பர் சுற்றி, சணல் கயிறு போட்டு, ஒரு செங்கல் உயரம்.

காலை ஷிப்டு முடித்து ராஜபாளையத்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த நான், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டவில்லை. “ஏலே, கல்யாணப் பத்திரிகை வந்துட்டு. பொண்ணு வீட்டுல குடுத்து விட்டிருக்காவ. கையக் கழுவிட்டுத் தொடு” என்றாள் அம்மா. கழுவினேன். மில் எண்ணெய் சோப்புக்குப் போகுமா? கைரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துண்டில் துடைத்துக்கொண்டு, மேலாக ஒன்றை உருவினேன்.

வெள்ளை அட்டையில் சிவப்பு மசி. மசி வாசனை இன்னும் போகவில்லை. மணமகள் இடத்தில் ‘செல்வி ரெங்கநாயகி, பி.எஸ்ஸி., பி.எட்.’ என்று இருந்தது. சரி. மணமகன் இடத்தில் ‘செல்வன் முத்தையா, டி.எம்.இ.’ என்று இருந்தது.

அச்சாபீஸில் வேறு எவனோ முத்தையாவின் வரியை இதில் மாற்றிக் கோத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே அப்பா பேர் இருந்தது, எங்கள் தெருப் பேர் இருந்தது. நானேதான்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. “பேரு பெருசா போட்டிருக்காவளாலே?” என்று கேட்டாள்.

“பெருசாத்தாம்மா போட்டிருக்காவ” என்றேன். அன்றைக்கு முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

டி.எம்.இ. என்றால் மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் உட்கார்ந்து படித்து வாங்குகிற மெக்கானிக்கல் டிப்ளமா. நான் படித்தது எட்டாங்கிளாஸ். பெண் பார்க்கப் போன கதையை இதே பத்தியில் போன வாரம் எழுதினேனே, அன்றைக்கே அதைக் கூடத்தில் வைத்து எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்கு என்னிடம் சரக்கும் இல்லை.

பிரம்புக்குப் பயந்தவன்

குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டேன் என்று எழுதினால் நீங்கள் ஒரு ‘உச்’ கொட்டுவீர்கள். பொய் சொல்ல மனசில்லை. கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து விட்டேன். ஒன்பதாங்கிளாஸ் தொடங்கிய முதல் வாரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் கண்மாய்க் கரையோடு போய்விட்டேன். வீட்டில் நாலு சாத்து சாத்தினார்கள், அதோடு சரி. பிறகு ஒரு லேத் பட்டறை, அதற்குப் பிறகு மில்.

மில்லில் நான் ஃபிட்டர். நூல் நூற்கிற இயந்திரத்தில் (ஃப்ரேம் என்போம்) எந்தக் கோளாறு வந்தாலும் திருப்புளியின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். எந்தப் பேரிங் அழுகிறது, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். இதில் மாயம் மந்திரம் ஒன்றும் கிடையாது. தினமும் எட்டு மணி நேரம் ஒரே சத்தத்தோடு குடும்பம் நடத்தினால் யாருக்கும் வரும்.

ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்றவர்களைக் கண்டால் சிலர் தோளைத் தட்டி, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுய்யா, உம்மை மாதிரி அனுபவம் வருமா?” என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. என் வீட்டில் பின்னால் இருபத்தைந்து வருஷம் அடுப்பெரிந்ததில் பாதி அந்த ஏட்டுச் சுரைக்காயால்தான். படிப்பு நல்ல விஷயம். அது இல்லாதவனை மனுஷனாகவே எண்ணாததுதான் கெட்ட விஷயம்.

“ஒண்ணும் கிடையாது”

எங்கள் பக்கம் சூப்பர்வைசர் அறையில் நாலு நாற்காலி உண்டு. டிப்ளமாக்காரர்கள் உட்காருவார்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் இடமிருந்தால் உட்காருவார்கள். நாங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை.

தேவதானத்துப் பையன் ஒருத்தன், செல்வராஜ் என்று பேர், டிப்ளமா முடித்துவிட்டு அப்ரண்டிஸாக வந்தான். ஒரு வருஷம் என் பின்னாலேயே அலைந்து வேலை கற்றுக்கொண்டான். ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ என்று உயிரை விடுவான். சூப்பர்வைசர் ஆன மறுநாள் காலையில் “முத்தையா, மூணாம் நம்பர் ஃப்ரேமைப் பாரு” என்றான். அண்ணாச்சி ராத்திரியோடு ராத்திரியாகச் செத்துப்போய்விட்டார்.

ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து புது மெஷின் பொருத்த ஆட்கள் வந்தார்கள். எங்கள் அதிகாரி ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே வந்தார். “இவர் டிப்ளமா. இவர் ஐ.டி.ஐ.” என்னிடம் வந்ததும், “இவனுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா வேலை தெரியும்” என்றார். நல்ல மனுஷர்தான், பாராட்டாகத்தான் சொன்னார். வந்தவர் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கை கொடுக்கப் போய்விட்டார். என் கை பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த மில்லுக்குள், அந்த நாலு நாற்காலிக்கு முன்னால் போய், ‘முத்தையா, டி.எம்.இ.’ என்று அச்சடித்த பத்திரிகையை நான் நீட்டினால் என்ன ஆகும்? சாகிற வரைக்கும் எனக்கு டி.எம்.இ. என்றே பட்டப்பேர் வைத்திருப்பார்கள். பத்திரிகை வைக்காமல் வாயால் கூப்பிட்டாலோ, எங்கள் ஊரில் ரெண்டாந்தாரம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

போட்ட நாற்காலியை விட்டு எழுந்தேன்

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்து, ஆவணி பிறந்திருந்தது. தேர்ச் சக்கரம் அழுத்திய தடம் வீதியில் இன்னும் கிடந்தது.

ரெங்கநாயகிக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமாதான் எல்லாம். ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், வேலுச்சாமி வாத்தியார். பெண் வீட்டார்தான் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பத்திரிகை அடிப்பது என்று பேசியிருந்ததால், அச்சாபீஸுக்கு அலைந்ததும் அவரே. என்னைக் கண்டதும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மோர் வந்தது.

“மாமா, பத்திரிகைல ஒரு தப்பு வந்துட்டு.”

“தப்பா? ரெண்டு தடவ புரூஃப் பாத்தனே மாப்ள.”

“எம் பேருக்குப் பின்னால டி.எம்.இ.ன்னு இருக்கு.”

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “அது தப்பு இல்ல மாப்ள. நாந்தான் போடச் சொன்னேன்.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார். “எங்க பக்கத்துல வாரது அம்புட்டும் வாத்தியாருங்க. பத்திரிகைய வாங்குன ஒடனே அவங்க கண்ணு எங்க போகும்? பொண்ணுக்கு ரெண்டு பட்டம், மாப்பிள்ளைக்கு வெறுமையா இருந்தா, தகப்பன் இல்லாத புள்ளைய எங்கயோ தள்ளி விட்டுட்டான்னு என்னத்தான் சொல்லுவாங்க. நீங்க டிப்ளமா படிச்ச பயலுவளுக்கே வேல சொல்லிக் குடுக்கீங்கள்ல? பொறவு என்ன? யாரு வந்து சர்டிபிகேட்டக் கேக்கப் போறா?”

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு படையே கீழே அச்சாகியிருக்கும், ஆளுக்கொரு வால். பி.ஏ. எழுதித் தேறாதவன்கூட பி.ஏ. என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மையைச் சொல்லிக்கொள்வான். வால் இல்லாதவன் பேர் மட்டும் மொட்டையாக நிற்கும்.

“மில்லுல கேப்பாங்க மாமா. எனக்கு அங்க தல நிமுந்து நிக்கணும்.”

“அப்ப மில்லுல வாயால சொல்லிருங்க.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். வெளியே வரத் தட்டக்கூட வேண்டாம். “ஒண்ணு செய்ங்க மாமா. நெசமாவே டி.எம்.இ. படிச்ச ஒருத்தனப் பாத்து உங்க புள்ளயக் கட்டிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

உள்ளே பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. யார் விளக்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோபம் எதிர்த்திசையில் கிருஷ்ணன்கோவில் பக்கமாகப் போயிருக்கும், என்னோடு வரவில்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்ததுதான், ஆனாலும் பிடித்திருந்தது. வாயைக் கொடுத்துக் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

திரும்பிப் போன கட்டு

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. “எப்பலே பத்திரிகைக்கு மஞ்சள் வைக்க? நாள் போகுதுல்லா” என்பாள். “வெள்ளிக்கிழமை பாத்துக்கிடுவோம்” என்பேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. கட்டு டிரம் மேலேயே இருந்தது. மில்லில் ஆள் ஆளுக்கு, “என்னப்பா, பத்திரிகை அடிக்கலையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரெங்கநாயகியின் அம்மா வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். தண்ணீர் குடித்தார். “அந்தக் கட்டக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

“கல்யாணம் நின்னுட்டா அத்தை?” என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. நாயகி வாங்கிட்டு வான்னா, வந்திருக்கேன். ஒண்ணு குறையக்கூடாதுன்னா.”

என் சட்டைப் பையில் ஒன்று இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். அத்தை போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். “நீ சொன்னது சரிதான். சொன்ன விதந்தான் சரியில்ல” என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அத்தை மறுபடி வந்தார். கையில் அதே கட்டு, அதே சணல் கயிறு.

“பிரிச்சுப் பாருங்க” என்றார்.

பிரித்தேன். மஞ்சள் வாசனை கூடம் முழுக்க வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தது. அது எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். நடுவே இன்னும் ரெண்டு இருந்தது. கட்டியாகக் குழைத்த மஞ்சள், அதன் மேல் அமுக்கி வைத்த குங்குமம், கட்டைவிரல் அகலத்துக்கு. ஒன்று என் பேருக்குப் பின்னால். டி.எம்.இ. இருந்த இடமே தெரியவில்லை. இன்னொன்று அவள் பேருக்குப் பின்னால். பி.எஸ்ஸி.யும் இல்லை, பி.எட்.டும் இல்லை.

‘செல்வன் முத்தையா.’ ‘செல்வி ரெங்கநாயகி.’ அவ்வளவுதான். அடுத்ததை எடுத்தேன், அதிலும் அப்படி. கட்டு முழுக்க அப்படி. அவர்கள் பக்கத்துப் பத்திரிகையையும் சேர்த்து அறுநூறு. ஒருத்தியாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காயவைத்து அடுக்கியிருக்கிறாள். ஏற்கெனவே தபாலில் மதுரைக்குப் போன பத்து மட்டும் போனது போனதுதான். மதுரையில் ஒரு பெரியவர் சாகிற வரைக்கும் என்னை என்ஜினீயர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

நான் எழுந்து வந்த பிறகு நடந்ததை அத்தை சொன்னார். நாயகி நேரே மாமா முன்னால் போய் நின்றிருக்கிறாள். “மாமா, ஒரு பையன் மார்க் சீட்டத் திருத்திக் கொண்டாந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டிருக்கிறாள். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்த மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிவிட்டாராம். கட்டைத் திருப்பி வாங்கி வரச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அத்தை கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். “எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்சது அவ ஒருத்திதான். அவ பேரு பட்டத்தோட அச்சுல வந்தது இதுதான்யா மொதத் தடவ. மொத நாள் அதத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருந்தா.” சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நகத்தால் சுரண்டியவன்

அடுத்த நாளே மில்லில் பத்திரிகை வைத்தேன். நாலு நாற்காலி அறைக்குள் போனேன். செல்வராஜ் வாங்கிப் பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான்.

“இது என்ன, பேருக்குப் பக்கத்துல?”

கட்டைவிரல் நகத்தை என் பேருக்குப் பக்கத்தில் வைத்து லேசாகச் சுரண்டினான். குங்குமம் பொடியாக உதிர்ந்தது. என் உயிர் அந்த நகத்தடியில் இருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் ‘டி’ தெரிந்துவிடும்.

“பொண்ணு வீட்டு வழக்கம்” என்றேன்.

அவன் கண் கீழே போனது. “ஓ, பொண்ணு பேருக்கும் வச்சிருக்காங்களா” என்று சொல்லிக்கொண்டே நகத்தை எடுத்துவிட்டான். பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஒரு பொய்யை மறைக்க நானும் ஒரு பொய் சொன்னேன்தான். ஆனால் என் பொய்யால் யாரும் பெரிய மனுஷனாகவில்லை.

கல்யாணத்தன்று மேடையில் ஒரு வாத்தியார் வந்து பரிசு கொடுத்துவிட்டு, “மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காப்ல?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வேலுச்சாமி மாமா முன்னால் வந்தார். “எட்டாங்கிளாஸ் சார். மில்லுல ஃபிட்டர்” என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். அந்தக் கைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். தப்புச் செய்த பெரியவர்கள் அதைத் திருத்திக்கொள்வதை நான் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

மணவறையில் அவள் விரலைக் கோத்துக்கொண்டு சுற்றி வரும்போது பார்த்தேன். நலங்கு வைத்த மஞ்சளைத் தாண்டி, நகக்கண் வரைக்கும் மஞ்சள் ஏறிப்போயிருந்தது. என் நகக்கண்ணில் எண்ணெய்.

பிறகு ஒரு நாள் கேட்டேன், எம் பட்டத்த அழிச்ச சரி, ஒம் பட்டத்த எதுக்கு அழிச்ச என்று. “உங்க பேருக்கு மட்டும் வச்சா, அழிச்சதுன்னு தெரிஞ்சுபோகும். ரெண்டுக்கும் வச்சா வழக்கம்னு நெனச்சுக்கிடுவாங்க. இதுக்குப் போயி ஒரு கேள்வியா?” என்றாள். அத்தை வாசலில் சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

தேவதானத்துப் பத்திரிகை

அதற்குப் பிறகு நான் ஒன்றும் ராத்திரிப் பள்ளிக்கூடம் போய்ப் பாஸாகவில்லை. எட்டாங்கிளாஸாகவே இருந்து, எட்டாங்கிளாஸாகவே ரிட்டயர் ஆனேன். அவளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவள் வாத்தியாரம்மா, நான் வாத்தியாரம்மா வீட்டுக்காரர். அந்தப் பட்டம் எனக்குப் போதும்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு நாள் செல்வராஜ் என் ஃப்ரேம் பக்கம் வந்தான். கையில் மஞ்சள் பை. “அண்ணாச்சி, எனக்குக் கல்யாணம்” என்றான். இத்தனை வருஷம் கழித்து அண்ணாச்சி உயிரோடு வந்துவிட்டார்.

பத்திரிகையை வாங்கினேன். நாலு மூலைக்கு நாலு. நடுவே ரெண்டு. அவன் பேருக்குப் பின்னால் குங்குமம் அப்பி, அவன் உண்மையாகவே படித்து வாங்கிய டி.எம்.இ. காணாமல் போயிருந்தது.

“எங்கம்மாதான் அண்ணாச்சி. உங்க பத்திரிகைய அப்பமே எடுத்து வச்சிருந்திருக்காவ. ஆறு பொட்டு வச்ச சோடி நல்லா இருக்குல்லா, நமக்கும் அப்படியே வைப்போம்னு பிடிவாதம். எம் பட்டம் போச்சு” என்று தலையைச் சொறிந்தான். கோபப்படவில்லை, சிரித்தான். எனக்கும் அவன் மேல் இருந்த பழைய கசப்பு அங்கேயே கரைந்துவிட்டது. கல்யாணத்துக்கு ரெண்டு பேருமாகப் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தோம். அதற்குப் பிறகு தேவதானம் பக்கம் இன்னும் ரெண்டு மூன்று வீட்டில் ஆறு பொட்டு வைத்ததாகக் கேள்வி.

இதை எழுதுவதற்காக எங்கள் பத்திரிகையை நேற்று பீரோவிலிருந்து எடுத்தேன். மூலை மடங்கியிருக்கிறது. குங்குமம் முக்கால்வாசி உதிர்ந்து, மஞ்சள் வெளிறி, அடியில் உள்ள சிவப்பு எழுத்து தெரிய ஆரம்பித்திருக்கிறது. என் டி.எம்.இ. பளிச்சென்று வெளியே வந்து நிற்கிறது. அவள் பட்டமும் பாதி தெரிகிறது.

அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “செத்த இருங்க” என்று சமையல்கட்டுக்குப் போனவள், ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என் பேருக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள்.

“எனக்கு மட்டும் வையி. ஒம் பட்டம் நெசம்தான, தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிண்ணத்தில் மறுபடி விரலைத் தொட்டாள்.

“ரெண்டுக்கும் சேத்துத்தான் கொழச்சிருக்கேன்” என்றாள்.